பெட்போர்ட் லொறி மொடலுக்கு ஸ்பிரே அடித்தேன்: மினுக்கம் வரவில்லை, பால் பூத்துக் கிடக்கிறது

செவ்வரத்தை (உப்புவெளி), கார்த்திகை

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பப்பாவிடம் ஒரு பெட்போர்ட் லொறி இருந்தது. தம்பலகாமத்து நெல்லை ஏற்றிக்கொண்டு திருகோணமலை டவுனுக்கு வருமாம். நான் பிறக்க முன்னமே விற்றாயிற்று. வீட்டில் இருப்பது ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம், அதில் லொறி வெறும் சாம்பல். அப்பம்மாவைக் கேட்டால், "செவ்வரத்தம்பூச் சிவப்பு. பொனற்றில குனிஞ்சு பாத்துத்தான் உன்ர அப்பப்பா தலை இழுப்பார்" என்கிறா.

ஜேர்மனியில் இருக்கும் மாமா போன வருடம் எம்ஹார் கம்பனியின் 1/24 அளவு பெட்போர்ட் ஓ சீரிஸ் கிட் (ஒட்டிக் கட்டுகிற பிளாஸ்டிக் மொடல்) ஒன்று அனுப்பினார். 1939 இலிருந்து 1953 வரை செய்யப்பட்ட அந்த உருண்டை மூக்கு லொறிதான். பின்பெட்டி பலகை, அது மங்கலாக இருந்தால்தான் அழகு. கபின், பொனற், மட்காட் மூன்றும் தலை இழுக்கிற அளவுக்கு மினுங்க வேண்டும். அதுதான் என் ஆசை.

கிட் வந்தது, ஸ்பிரே வரவில்லை. காஸ் அடைத்த, தீப்பற்றும் சாமான் என்பதால் விமானத் தபாலில் எடுக்க மாட்டார்கள். சரி என்று இங்கேயே வாகன உதிரிப்பாகக் கடையில் காருக்கு அடிக்கிற ஸ்பிரே இரண்டு ரின் வாங்கினேன், சிவப்பு ஒன்று, கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) ஒன்று.

மூன்று நாள் மழை விட்ட ஒரு பின்னேரம், ஐந்து மணி போல, விறாந்தையில் கம்பியில் கொளுவி அடித்தேன். ஒரு அடி தூரத்தில் பிடித்தேன். முதல் கோட் மங்கலாக இருந்தது, மினுக்கம் வரட்டும் என்று இரண்டாவதைத் தாராளமாக அடித்தேன். அப்புறம் கிளியரும் அப்படியே.

விளைவைச் சொல்கிறேன். பொனற்றின் மேல் பாலை ஊற்றித் துணியால் வழித்த மாதிரி ஒரு வெள்ளைப் புகார். கதவு இரண்டும் தோடம்பழத் தோல் மாதிரி மேடு பள்ளம். மட்காட் ஓரங்களில் சிவப்பு நிற்கவே இல்லை, அடியிலுள்ள பிளாஸ்டிக் நிறம் நூல் போலத் தெரிகிறது. கூரையில் அம்மைத் தழும்பு மாதிரி இரண்டு குழி. அப்பம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தா. "இது செவ்வரத்தை இல்லையடா, வாடின றம்புட்டான்" என்றுவிட்டுப் போயிட்டா.

கொம்பவுண்ட் (மினுக்கத் தேய்க்கும் பசை) போட்டுத் தேய்த்தால் சரிவருமா? இன்னும் ஒரு கிளியர் தடிப்பாக அடிக்கட்டா? அல்லது எல்லாவற்றையும் உரிக்க வேண்டியதுதானா?


பனிக்காலம் (ஸ்காபரோ)

தம்பி, நான் 1/24, 1/25 லொறிகள்தான் கட்டுகிறேன், பெரும்பாலும் கென்வேர்த், பீற்றர்பில்ட். அடிக்க முன் ரின்னைப் பத்து நிமிடம் கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். பெயின்ட் இளகும், அழுத்தம் கூடும், துளி சின்னதாகும், தோடம்பழத் தோல் பாதி குறைந்துவிடும். நான் கராஜில் மாசி மாதம் அடிக்கும்போது இதைச் செய்யாமல் விட்டதே இல்லை. முடிந்தால் ஒரு எயார்பிரஷ் வாங்குங்கள், பிறகு ரின் பக்கமே போக மாட்டீர்கள்.


சந்திப் பெயின்டர் (திருகோணமலை)

செவ்வரத்தைத் தம்பி, நான் மொடல் கட்டுகிற ஆள் இல்லை. அநுராதபுரச் சந்திக்குக் கிட்ட ஒரு கராஜில் இருபத்தேழு வருடம் உண்மை லொறிக்கு அடித்தவன். ஓய்ந்த பிறகு பேரனுக்கு மூன்று சின்ன லொறி அடித்துக் கொடுத்தேன். முதலாவது உம்முடையதைவிடக் கேவலம். பெரிய லொறிக்கு அடிக்கிற கையால் சின்ன லொறிக்கு அடித்தால் அப்படித்தான் வரும்.

முதலில் ஒரு கணக்கு. நீர் தாராளமாக அடித்த சிவப்பும் கிளியரும் சேர்ந்து 0.05 மில்லிமீட்டர் தடிப்பு என்று வைத்துக்கொள்ளும். பெரிய லொறியில் அது ஒன்றுமே இல்லை. உம்முடைய லொறி 24 மடங்கு சின்னது. 0.05 ஐ 24 ஆல் பெருக்கினால் 1.2 மில்லிமீட்டர். அதாவது அப்பப்பாவின் லொறிக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல் பெயின்டை அப்பின மாதிரி. கதவு இடுக்கு, பொனற் கோடு எல்லாம் அடைபட்டுப் போகும். தோடம்பழத் தோலும் 24 மடங்கு பெரிதாகத்தான் கண்ணுக்குப் படும். ஆகவே இன்னொரு கிளியர் அடிக்கிற யோசனையை விடும். மேல் சமமாக இருந்தால் மெல்லிய கோட்டும் மினுங்கும். மேடு பள்ளத்தில் வெளிச்சம் சிதறும், அதற்கு மேல் எத்தனை ரின் ஊற்றினாலும் பளபளக்காது.

பொனற்றின் வெள்ளைப் புகாருக்குக் காரணம் வேறு ஒன்றுமில்லை, நீர் அடித்த மாதம். வாடை அடிக்கிற கார்த்திகையில், மழை விட்ட பின்னேரத்தில், அதுவும் உப்புவெளியில் கடலுக்குப் பக்கத்து விறாந்தையில் லேக்கர் (உம்முடைய கார் ஸ்பிரே அந்த வகைதான்) அடித்தால் வேறென்ன வரும்? எங்கள் கராஜிலும் கார்த்திகை, மார்கழியில் ஹீட்டர் பல்பு இல்லாமல் லேக்கர் தொட மாட்டோம். இப்போதைக்கு ரின்னை மூடி வைத்துவிட்டு உரிக்கிற வேலையைப் பாரும். மாசி, பங்குனியில் மழையும் இராது, கச்சான் காற்றும் தொடங்கியிராது. அதுதான் நமது ஊரில் பெயின்ட் அடிக்கிற காலம். ஆனி, ஆடியில் காய்ந்த காற்றுத்தான், ஆனால் கச்சான் மண்ணை அள்ளிக்கொண்டு வந்து ஈரப் பெயின்டில் போடும்.

கதவுக்கு வருவோம். ஒரு அடி தூரம் என்பது ரின்னில் எழுதியிருப்பது, காருக்கு. நமது வெக்கையில் அந்தத் தூரத்தில் துளி பாதிவழியிலேயே காயத் தொடங்கிவிடும். போய் விழுகிறது, ஆனால் பரவுவதில்லை, மணல் மாதிரி நிற்கும். அதைப் பார்த்துப் பயந்து இரண்டாம் கோட்டை அப்பினீர், அது மேடு பள்ளத்தை அப்படியே மூடியது. சின்ன லொறிக்கு ஒரு சாண், கூடினால் ஒரு சாணும் நாலு விரலும்.

கூரைக் குழி எண்ணெய். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்த கையால் பிடித்தீரா? நாங்கள் இதை மீன்கண் என்போம். எண்ணெய்ப் பொட்டிலிருந்து பெயின்ட் விலகி ஓடி வட்டமாக நிற்கும். மட்காட் ஓரம் வேறு கதை. கூர் ஓரத்தில் ஈரப் பெயின்ட் தங்காது, இரண்டு பக்கமும் இழுபட்டுப் போகும். உரசுகிற பேப்பரால் ஓரத்தை ஒரு மயிரளவு மழுக்கினால் தங்கும்.

என் முடிவு, எல்லாவற்றையும் உரியும். வெள்ளைப் புகார் மட்டும் என்றால் காய்ந்த நாளில் அதே கிளியரை மெல்லிசாகத் தூவினால் மேல்த்தோல் கரைந்து ஈரம் வெளியேறிவிடும், பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் நீர் பிரைமர் (நிறத்துக்கு முன் அடிக்கிற அடிப்பூச்சு) என்ற சொல்லையே எழுதவில்லை. வெறும் பிளாஸ்டிக்கில் கார் ஸ்பிரே அடித்திருக்கிறீர். அதன் தின்னர் இந்த வகைப் பிளாஸ்டிக்கைத் தின்னும். நிறைய இடத்தில் நரம்பு நரம்பாக வெடித்திருக்கும், வெயிலில் சாய்த்துப் பாரும்.

உரிக்க முதலில் ஐசோபுரொப்பைல் அற்ககோலில் ஊறப்போடும். அசையாவிட்டால் பிரேக் ஒயில். ஒரு பழைய ஐஸ்கிரீம் பெட்டியில் ஊற்றி, பாகத்தை ஒரு இரவு ஊறவிட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் கழன்று வரும். கையுறை போடும், கண்ணில் படாமல் பாரும். பாகங்கள் கோத்து வந்த சட்டத்தில் ஒரு துண்டை முதலில் ஊறப்போட்டுச் சோதியும். தின்னர் பக்கம் மட்டும் போக வேண்டாம், லொறியே கரைந்துவிடும். பேரனுடைய முதல் லொறியின் ஒரு கதவு அப்படித்தான் போனது.

உரித்த பிறகு சவர்க்காரத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, அதற்குப் பிறகு வெறும் கையால் தொடாதேயும். ஒரு போத்தலின் கழுத்தில் மாஸ்கிங் டேப் சுற்றிக் கபினை அதன்மேல் குத்தி வைத்தால் போத்தலைப் பிடித்துத் திருப்பித் திருப்பி அடிக்கலாம். கம்பியில் தொங்கவிட்டால் காற்றுக்கு ஆடும்.

பிரைமர் வெள்ளை எடும். சாம்பலுக்கு மேல் சிவப்பு அடித்தால் மாதுளம்பழத் தோல் நிறம் வரும், செவ்வரத்தை வராது. முதல் இரண்டு கோட் பனி தூவுகிற மாதிரி, பிளாஸ்டிக் இன்னும் தெரிந்தாலும் பரவாயில்லை. அந்தக் காய்ந்த தூவல்தான் பிறகு வருகிற தின்னரிடமிருந்து பிளாஸ்டிக்கைக் காப்பாற்றும். ஒரு நாள் விட்டு 1000 நம்பர் வோட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, ஒரு சொட்டுச் சவர்க்காரத்தோடு மெல்லத் தேயும். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவிப் பாரும். விரலுக்குத் தட்டுப்படுவது எல்லாம் சிவப்புக்கு மேலும் தெரியும்.

சிவப்பு அடிக்கும்போது ரின்னுக்குள் குண்டு கிலுங்கத் தொடங்கிய பிறகும் இரண்டு நிமிடம் குலுக்கும். லொறிக்கு வெளியே அமத்தத் தொடங்கி, லொறியைக் கடந்து, மற்றப் பக்கம் வெளியே போய்க் கையை எடும். நடுவில் தொடங்கி நடுவில் நிறுத்தினால் அங்கே வழியும். இரண்டு தூவல், இடையில் பத்துப் பதினைந்து நிமிடம், அப்புறம் ஒரே ஒரு ஈரக் கோட். அந்த ஈரக் கோட்டில்தான் எல்லாம். யன்னல் பக்கம் முகம் வைத்து நின்று அடியும். யன்னல் கம்பியின் நிழல் ஈரப் பெயின்டில் நெளிந்து நெளிந்து தெரியும், கையை ஒரு சொட்டு மெதுவாக நடத்தினால் நெளிவு குறைந்து குறைந்து கம்பி நேராகும். நேரான உடனே கையை எடுத்துவிட வேண்டும். ஆசைப்பட்டு இன்னொரு தடவை போனால் வழியும். வழிந்தால் துடைக்க வேண்டாம், விட்டுவிடும், காய்ந்த பிறகு பேப்பர் பார்த்துக்கொள்ளும்.

நேரம் காலை ஒன்பதுக்குப் பிறகு, கடல்காற்று எழும்ப முன். அடித்த உடனே மேலே ஒரு பிளாஸ்டிக் பேசினைக் கவிழ்த்து, ஒரு பக்கம் தீப்பெட்டி வைத்துச் சாய்த்துவிடும். தூசு விழாது, தின்னர் மணம் வெளியேறும். காய்ந்ததா என்று தொட்டுப் பார்க்காதேயும், மணந்து பாரும். பெயின்ட் மணம் இருக்கும் வரைக்கும் உள்ளே ஈரம் இருக்கிறது.

மாஸ்க் போடும். துணி மாஸ்க் தூசுக்குத்தான், தின்னர் ஆவிக்குக் காபன் பில்டர் உள்ளது வேண்டும். நான் வேலை செய்த இடத்தில் முதல் பதினைந்து வருடம் கைலேஞ்சி கட்டித்தான் அடித்தோம், இப்போது கோணேசர் கோயில் ஏற்றத்தில் இரண்டு தரம் நின்று மூச்செடுத்துத்தான் ஏறுகிறேன். குசினிக்குப் பக்கத்திலும் அடிக்க வேண்டாம், காஸ் அடுப்பு.

ஸ்காபரோத் தம்பி சொன்ன சுடுதண்ணீர் அந்த ஊருக்குச் சரி. இங்கே ரின் கடை அலுமாரியிலேயே முப்பது பாகைக்கு மேல்தான் இருக்கிறது. தேவையில்லை.


இரசாயன ரீச்சர் (கிண்ணியா)

பெயின்டர் ஐயா சொன்னதில் இரண்டு விஷயம் சேர்க்கிறேன். வெள்ளைப் புகார் ஏன் வருகிறது என்று என் பிள்ளைகளும் கேட்பார்கள். குளிரூட்டியிலிருந்து சோடாப் போத்தலை எடுத்து மேசையில் வைத்தால் வேர்க்கிறதல்லவா, அதுதான். லேக்கரிலுள்ள கரைப்பான் மிக வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. பெயின்ட் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிராகிறது. காற்றில் ஈரம் நிறைய இருந்தால் அது நுண்ணிய துளியாகப் படிந்து படலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. தடிப்பாக அடித்தால் கரைப்பான் கூட, குளிரும் கூட. செவ்வரத்தைத் தம்பி அன்றைக்கு இரண்டையும் சேர்த்தே செய்திருக்கிறார்.

இரண்டாவது, ரின்னைச் சூடாக்குவது பற்றி. 50 பாகைக்கு மேல் போகக் கூடாது என்று ரின்னிலேயே அச்சடித்திருப்பார்கள். கதவு மூடிய காரில் வெயிலில் விட்டாலும் அந்தச் சூட்டைத் தாண்டும். கடையில் வாங்கினால் நேரே வீட்டுக்குக் கொண்டு போங்கள், காருக்குள் வைத்துவிட்டுச் சந்தைக்குப் போக வேண்டாம்.


செவ்வரத்தை (உப்புவெளி)

ஐயா, எண்ணெய் வைத்தது உண்மை. எப்படித்தான் கண்டுபிடித்தீர்களோ!

வெயிலில் சாய்த்துப் பார்த்தேன், கூரையில் நரம்பு இருக்கிறது. பிரேக் ஒயிலில் போட்டுவிட்டேன், காலையில் சிவப்பு தோலாகக் கழன்றது. நரம்புக்கு என்ன செய்வது? இன்னொன்று, வீட்டில் அப்பா யன்னல் கிறிலுக்கு அடித்த எனாமல் சிவப்பு மிச்சம் இருக்கிறது. நல்ல மினுக்கம். அதை அடித்து மேலே இந்த ஸ்பிரே கிளியரை அடிக்கலாமா?


சந்திப் பெயின்டர் (திருகோணமலை)

அடிக்க வேண்டாம், அடிக்கவே வேண்டாம். எனாமலுக்கு மேல் லேக்கர் போனால் அடியிலுள்ளது பொங்கிச் சுருங்கும், கிழவி கன்னம் மாதிரி. லேக்கருக்கு மேல் எனாமல் போகலாம், மறுபக்கம் கூடாது. கிறில் பெயின்ட் தடிப்பும் கூட, கிறிலுக்கே வைத்துக்கொள்ளும்.

நரம்பு மெல்லியது என்றால் 800 பேப்பரால் தேய்த்தாலே போய்விடும். ஆழமென்றால் பட்டியை (வெடிப்பை அடைக்கிற பசை) விரலால் அல்ல, பழைய போன் கார்ட்டின் விளிம்பால் இழுத்து, காய்ந்த பிறகு தேயும்.


பனிக்காலம் (ஸ்காபரோ)

சுடுதண்ணீர் விஷயத்தில் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். நான் பிறந்தது மூதூர், ஆனால் இருபது வருடப் பனி ஊர் வெக்கையை மறக்கடித்துவிட்டது.

கடைசிக் கட்டத்துக்கு ஒன்று சொல்கிறேன். கிளியர் நன்றாகக் காய, ஒரு வாரமாவது, விட்டு 2000 பேப்பரை நனைத்துத் தேயுங்கள். மினுக்கம் முழுவதும் போய்ச் சுண்ணாம்பு மாதிரி ஆகும், பயப்படாதீர்கள். மங்கின இடத்துக்கு நடுவே மினுங்கும் புள்ளிகள் தெரிந்தால் அவைதான் மிச்சப் பள்ளங்கள். அவை மறையும் வரை தேய்த்து, 3000, பிறகு கொம்பவுண்ட், பழைய பருத்திச் சட்டைத் துணியால். மெசினைப் பூட்ட வேண்டாம், சூட்டில் பிளாஸ்டிக் இளகும். ஓரங்களுக்கும் பொனற் நடுவரிக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத் தேயுங்கள், அங்கேதான் பெயின்ட் மெல்லிசு.

கதவில் டெக்கல் (மெல்லிய ஒட்டுப்படம்) ஒட்டுவதாக இருந்தால் கிளியரை முதலில் தூரத்திலிருந்து தூவுங்கள், இரண்டு மூன்று தூவல். நேரே ஈரக் கோட் போனால் டெக்கல் சுருண்டுவிடும். மெற்றாலிக் நிறமென்றால் நிறத்தைத் தேய்க்கவே கூடாது, கிளியரை மட்டும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.


செவ்வரத்தை (உப்புவெளி), பங்குனி

நான்கு மாதம் கழித்து வருகிறேன். மழை முழுவதும் கபின் ஐஸ்கிரீம் பெட்டிக்குள்ளேயே இருந்தது. மாசிக் கடைசியில் வெள்ளைப் பிரைமர், அதற்கு அடுத்த ஞாயிறு காலை ஒன்பதரைக்குச் சிவப்பு. யன்னல் கம்பி நேராகும் அந்தக் கணத்தைக் கண்டேன், ஐயா. வலது கதவில் கண்டேன், கையை எடுத்தேன். இடது கதவில் கண்ட பிறகும் ஆசைப்பட்டேன், வழிந்தது. விட்டுவிட்டுப் பிறகு தேய்த்தேன்.

கிளியர் காய ஒன்பது நாள் மணந்து மணந்து பார்த்தேன். தேய்த்துக் கொம்பவுண்ட் போட்டதும் விறாந்தைப் பல்பு பொனற்றில் உருண்டையாகத் தெரிகிறது, சுற்றிவர நெளிவு இல்லை. அப்பம்மா கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "நிறம் சரி" என்றா. அப்புறம், "முன்னுக்கு ரெண்டு வெள்ளைக் கோடு இருந்தது, அதெங்க?" அதைப் பற்றி இத்தனை மாதத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. படத்தில் அந்த இடத்தில் ஒரு ஆள் நிற்கிறார், தெரியவும் இல்லை.

இரண்டு கேள்வி. இடது மட்காட் ஓரத்தில் டேப் ஒட்ட மறந்து தேய்த்துவிட்டேன், அரிசியளவு வெள்ளை தெரிகிறது. முழுவதும் மறுபடி அடிக்க வேண்டுமா? கிளியருக்கு மேல் வெள்ளைக் கோடு போடலாமா?


சந்திப் பெயின்டர் (திருகோணமலை)

அரிசியளவுக்கு முழுவதும் எதற்கு? ரின் மூடிக்குள் கொஞ்சம் பீச்சி, ஒரு நிமிடம் காஸ் பறக்க விட்டு, பல்லுக்குத்தும் குச்சியின் நுனியால் தொட்டு வையும். பூச வேண்டாம், தொட்டு எடும். காய்ந்து அமுங்கினால் மறுபடி ஒரு தொடல். பக்கத்தைவிட மயிரளவு உயர்ந்ததும் 3000 ஆல் மட்டப்படுத்தும்.

வெள்ளைக் கோடு போடலாம். கொம்பவுண்ட் மெழுகைச் சவர்க்காரத்தால் கழுவிவிட்டு, கோட்டுக்கு இரண்டு பக்கமும் டேப் ஒட்டி விளிம்பை நகத்தால் அமத்தும். முதலில் டேப் விளிம்பு மேல் கிளியரை மெல்லிசாகத் தூவும், கசிகிற இடத்தை அது அடைத்துவிடும். பிறகு வெள்ளை, இரண்டு தூவல் போதும். முழுதாகக் காய முன், டேப்பை மேல்நோக்கி இழுக்காமல் தன்மேலேயே மடித்துப் பின்னுக்கு இழுத்து எடும்.

அதற்கு முன் அப்பம்மாவிடம் கோட்டின் அகலத்தைக் கேட்டுக்கொள்ளும். அவ விரலால் காட்டுகிற அகலத்தை 24 ஆல் வகுக்க மறக்க வேண்டாம்.